தைக்காமல் விட்ட ஓரம்

முதல் தடவை அது கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. 2022 தைப்பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பரந்தனுக்குப் பக்கத்தில் வீட்டோடு ஒட்டிய சிறு தையல் கடை என்னுடையது. அந்த வாரம் மேசை நிறையச் சட்டைத் துணி. வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் கீழே விழுந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் கையில் அது இல்லை என்று தெரிந்தது. மகளிடம் "எடுத்துத் தா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இடித்துத் தா" என்று வந்தது. அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், உதடு ஒரு பக்கம் கனத்தது. அவள் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அன்று இரவு பதினொரு மணிவரை தைத்தேன்.

மறுநாள் ஒரு மருத்துவரிடம் போனேன். பிறஷர் பார்த்தார், சரியாக இருந்தது. சீனி பார்த்தார், அதுவும் சரி. வீட்டில் யார் யார் என்று கேட்டார். மகள் மட்டும்தான், கணவர் 2009 ஏப்ரலுக்குப் பிறகு இல்லை என்றேன். மருத்துவரின் முகம் இளகியது. "அதிகம் யோசிக்காதீர்கள், நன்றாக நித்திரை கொள்ளுங்கள்" என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதித் தந்தார்.

வன்னியில் எங்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, எந்த வருத்தம் வந்தாலும் பெயர் தயாராக இருக்கிறது: யோசனை. தலையிடித்தால் யோசனை. நெஞ்சு படபடத்தால் யோசனை. மாதவிடாய் தள்ளிப்போனாலும் யோசனைதான். சொல்கிறவர்கள் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். யுத்தத்தில் இழந்தவள் என்று தெரிந்ததும் மனத்தைப் பார்த்து இரங்கிவிட்டு உடம்பைப் பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பதில் வசதியாகவே இருந்தது. பொங்கல் வேலை கிடந்தது.

பிறகு தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிப் பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டால் அது பாரிசவாதத்தின் முன்னறிவிப்பு. அடுத்த அடி விழுமானால் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே விழும். ஆகவே சுகமாகிவிட்டது என்று வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே ஸ்கான் வசதி உள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எனக்கு ஐந்து மாத அவகாசம் கிடைத்தது. அதையும் நான் பயன்படுத்தவில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் எப்படி இருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. ஊரில் பாதிப்பேர் வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்கு அலைந்தார்கள். தம்பிக்கும் அது வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறினால் கொழும்புக்கு எட்டு மணித்தியாலம். காலையில் இறங்கி பத்தரமுல்லையில் வரிசை. பகல் முழுதும் நடைபாதையில் காலை மடக்கிக் குந்தியிருந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்கு எங்கே போவது? பயணம் போகிற பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். திரும்பவும் இரவு பஸ், திரும்பவும் எட்டு மணித்தியாலம். வீட்டுக்கு வந்தபோது இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் நொந்தது. இருந்த இருப்பில் வந்தது என்று சித்தாலேப பூசினேன்.

நாலாம் நாள் காலை. காஸ் இல்லாததால் விறகு. கோடியில் கிடந்த விறகுக் கட்டு ஒன்றை மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். தலைக்கு மேலே கொண்டுபோகும்போது வலது கை இல்லாமல் போனது. கட்டு சரிந்தது, நானும் சரிந்தேன். மகள் ஓடி வந்தாள். எனக்கு எல்லாம் விளங்கியது, ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாயில் வந்தது ஒரே ஒரு சத்தம், அதையே திரும்பத் திரும்பச் சொன்னேனாம்.

பக்கத்து வீட்டு மாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றப் பார்த்தார். இன்னொருவர் வேப்பிலை பிடுங்கினார். யாரோ முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்ந்தார். மகளுக்கு அப்போது பதினாலு வயது. அவள்தான் தண்ணீரைத் தட்டிவிட்டாள். பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்கத் தெரியாமல் போகலாம், தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தாள். அவள் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரியது. சுவரில் மணிக்கூட்டைப் பார்த்து, தன் கொப்பியின் பின்பக்கத்தில் "8.10" என்று எழுதினாள். அதற்குப் பிறகு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தாள். பெற்றோல் இல்லாமல் முச்சக்கர வண்டிகள் எல்லாம் வீட்டில் நின்ற நேரத்தில் அந்த அம்புலன்ஸ் வந்தது. அது காசு வாங்காத சேவை. வடக்குக்கு 2018இல்தான் வந்தது. எங்கள் ஊரில் இன்னும் பலர் அந்த இலக்கத்தைப் போனில் சேமித்து வைக்கவில்லை.

அந்த "8.10"ஐ அடுத்த ஒரு மணித்தியாலத்தில் நான்கு பேர் கேட்டார்கள். மூளை நாடியில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம். எப்போது தொடங்கியது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். ஊசி போடுவதற்கு முன் ஸ்கான் எடுத்து, அடைப்பா இரத்தக் கசிவா என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் வெளியில் ஒரே முகம்தான். அதனால்தான், இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினை வீட்டில் வைத்துக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஸ்கானில் கசிவு இல்லை. பெரிய வைத்தியசாலைக்கு மாற்றிப் போய்ச் சேருவதற்குள் வலது கை மெல்ல அசையத் தொடங்கியிருந்ததால் அந்த ஊசி தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். பேச்சு வர ஆறு நாள் ஆனது.

அங்கேயும் ஒரு தாதி, பாவம் நல்ல பிள்ளை, "அக்கா யோசித்து யோசித்து வந்திருக்கும்" என்றார். நரம்பியல் வைத்தியர் திரும்பிப் பார்த்து, "யோசனை எல்லோருக்கும் இருக்கிறது. நாற்பத்தொரு வயதில், பிறஷர் இல்லாமல், சீனி இல்லாமல், புகைக்காமல் ஒருவருக்கு ஏன் கட்டி போனது என்று தேடிப்பார்ப்போம்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. கை ஒன்றுதான் எழும்பியது.

தேடல் மூன்று கிழமை நடந்தது. கழுத்து நாடிகளில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறதா என்று அறிய இருபத்துநாலு மணித்தியாலம் ஒரு சிறு பெட்டியை நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள். இரத்தம் தானாகவே உறையும் குணம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கிறேனா என்றும் கேட்டார்கள். அதில் சில வகை இரத்தம் உறைவதைக் கூட்டுமாம். எனக்கு அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆனால் எடுக்கிறவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் சாதாரண எக்கோவும் சரி என்று வந்தது.

எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பியபோது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உடலில் உலோகம் ஏதும் இருக்கிறதா? எனக்குத் தொடையில் செல் துண்டு, எறிகணைத் துண்டு, இருக்கிறது. கடைசி யுத்தத்தில் மாத்தளனில் பட்டது. அப்போது எடுக்க வழியில்லை, பிறகு எடுக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பதின்மூன்று ஆண்டாக அதை மறந்தே இருந்தேன். வன்னியில் இப்படிப் "பீஸ்" சுமக்கிறவர்கள் ஏராளம், தலையிலும் கண்ணுக்குப் பக்கத்திலும்கூட. அந்த இயந்திரம் பெரிய காந்தம். துண்டு இரும்பாக இருந்தால், இருக்கும் இடத்தைப் பொறுத்து, அசைந்து காயப்படுத்தலாம். தயவுசெய்து உங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பேச்சுப் போன நேரத்தில் உங்களால் சொல்ல முடியாது. எனக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றார்கள். மறுபடி எடுத்த சாதாரண ஸ்கானிலேயே மூளையின் மேற்பரப்பில் அடிபட்ட இடம் தெரிந்தது. கட்டி எங்கிருந்தோ பயணம் செய்து வந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி என்றார் வைத்தியர்.

பிறகுதான் குமிழிச் சோதனை. உப்பு நீரில் துளி காற்றைச் சேர்த்து இரண்டு சிறிஞ்சுகளுக்கு இடையில் மாற்றி மாற்றித் தள்ளி நுரைக்க வைக்கிறார்கள். அதைக் கை நாளத்தில் ஏற்றிக்கொண்டே எக்கோத் திரையில் இதயத்தைப் பார்க்கிறார்கள். குமிழிகள் வலது பக்கத்தில் வந்து நிரம்பி, நுரையீரலில் வடிந்துவிட வேண்டும். இடது பக்கத்துக்கு வரக் கூடாது. முதல் தடவை வரவில்லை. "மலம் கழிக்கும்போது முக்குவது போல முக்கி, நான் சொன்னதும் விடுங்கள்" என்றார். விட்டேன். திரையில் இடது பக்கம் பனித்தூவல் போல வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் எதுவும் பேசவில்லை. உறுதிப்படுத்த இன்னொரு நாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு, தொண்டைக்கு மரக்க வைக்கும் மருந்து. இதமானது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பத்து நிமிட வேலைதான்.

கொப்பியில் பி.எஃப்.ஓ. என்று எழுதியிருந்தது, இதயச் சுவரில் மூடாமல் விட்ட துவாரத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர். என்ன என்று கேட்டேன். வைத்தியர் பெட்டி பெட்டியாக இதயத்தை வரையத் தொடங்கினார். எனக்கு விளங்கவில்லை. "நான் தையல்காரி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, தன் சட்டையின் முன்பக்கத்தைக் காட்டினார். பொத்தான் பட்டியில் ஒரு துணி விளிம்பின்மேல் இன்னொரு விளிம்பு படிந்திருக்கிறது அல்லவா? இதயத்தின் மேல் அறைகளான வலது சோணையறைக்கும் இடது சோணையறைக்கும் நடுவில் உள்ள சுவரும் அப்படி இரண்டு ஓரம் படிந்ததுதான். தாயின் வயிற்றில் இருக்கும்போது பிள்ளையின் நுரையீரலுக்கு வேலையில்லை, தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வரும் நல்ல இரத்தம் அந்த இடுக்கு வழியாக நேரே இடது பக்கம் போகிறது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இடது பக்கத்து அழுத்தம் கூடி ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன; காலப்போக்கில் அவை ஒன்றாகத் தைபட்டுவிடும். நாலில் ஒருவருக்குத் தைபடாமலே விட்டுப்போகிறது.

அது எனக்கு உடனே விளங்கியது. சும்மா இருக்கும்போது ஓரங்கள் படிந்து கிடக்கும், ஒன்றும் கசியாது. முக்கினால், இருமினால், மூச்சைப் பிடித்து விறகுக் கட்டைத் தூக்கினால் வலது பக்க அழுத்தம் கூடி ஒரு கணம் வாய் பிளக்கும். அந்தக் கணத்தில் கால் நாளத்திலிருந்து ஒரு சிறு கட்டி வந்துகொண்டிருந்தால் நுரையீரல் என்ற வடிகட்டிக்குப் போகாமல் குறுக்கே பாய்ந்து மூளைக்குப் போய்விடும். பத்தரமுல்லையில் குந்தியிருந்த பகல், குடிக்காத தண்ணீர், வீங்கிய கால், விறகுக் கட்டு எல்லாம் எனக்குள் வரிசையாக நின்றன. ஆனால் கால் நாளத்தை ஸ்கான் செய்தபோது கட்டி எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் பிந்திப் பார்த்ததால் இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, இருந்தது என்றும் சொல்ல முடியாது என்றார். அதுவே உண்மை, அதற்கு மேல் நான் கதை கட்டக் கூடாது.

இங்கேதான் எனக்கு இதில் மிகவும் கடினமான இடம் வந்தது. துவாரம் கண்டுபிடித்தாயிற்று, அடைத்துவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். வைத்தியர் அவசரப்படவில்லை. நாலில் ஒருவருக்கு இருக்கிற ஒன்று சம்பவ இடத்தில் அகப்பட்டது என்பதற்காக அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடுமா என்று கேட்டார். சந்தேகத்தின் பேரில் பிடிப்பது என்றால் என்னவென்று எங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை, தலையாட்டினேன்.

என் பெரியம்மாவின் மகன் அண்ணருக்கு வயது அறுபத்தெட்டு. பிறஷர், சீனி இரண்டும், இளமையில் சுருட்டும். அவருக்கும் பாரிசவாதம் வந்து, அவரிடமும் இதே துவாரம் இருப்பது தெரியவந்தது. அவருக்கு அடைக்கவில்லை. அவருடைய நாடிகளே அடைபடப் போதுமான காரணங்களை வைத்திருந்தன, துவாரம் பெரும்பாலும் வெறும் பார்வையாளன். அவருக்குப் பிறஷர்க் குளிசையை ஒழுங்காகப் போடுவதுதான் வைத்தியம். அண்ணரின் வீட்டில் இன்னும் மனக்குறை: "உனக்குச் செய்தார்கள், எங்களுக்குச் செய்யவில்லை." என் விஷயத்தில் வயது குறைவு, வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை, அந்தச் சுவர் தளர்ந்து இரண்டு பக்கமும் படபடத்தது, குமிழிகள் இருபதுக்கு மேல் பாய்ந்தன. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் அடைக்கலாம் என்றார்.

அடைப்பதால் பயன் உண்டா என்பதே நெடுநாள் வாக்குவாதமாக இருந்திருக்கிறது. 2012, 2013இல் வந்த முதல் ஆய்வுகள் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. 2017இல் ஒரே நேரத்தில் மூன்று ஆய்வுகள் வெளிவந்த பிறகே நிலைமை மாறியது. அவற்றில் பிரான்ஸில் முக்கியமாக நடந்த ஒன்றின் கணக்கை வைத்தியர் சொன்னார்: துவாரத்தை அடைத்த 238 பேரில் சுமார் ஐந்து ஆண்டில் ஒருவருக்கும் மறுபடி பாரிசவாதம் வரவில்லை; குளிசை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. கேட்டதும் மனம் துள்ளியது. அவர் மற்றப் பக்கத்தையும் சொன்னார். அடைக்காதவர்களிலும் 221 பேருக்கு வரவில்லை. அடைத்தவர்களில் 11 பேருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது, மற்றவர்களில் இரண்டு பேருக்குத்தான். அந்த ஆய்வுகள் எல்லாம் அறுபது வயது வரையானவர்களிடம் செய்யப்பட்டவை. "வீட்டில் பேசி முடிவெடுங்கள்" என்றார். வீட்டில் பேச இருந்தது பதினாலு வயதுப் பிள்ளை. அவள் 14இல் இருந்து 0ஐக் கழித்துவிட்டு, "செய்யுங்கள் அம்மா" என்றாள்.

முடிவெடுத்த பிறகு எட்டு மாதம் காத்திருந்தேன். அடைக்கும் சாதனம் நாட்டில் இல்லை என்றார்கள், பிறகு வருகிறது என்றார்கள், பிறகு என்னை விட அவசரமானவருக்குப் போனது என்றார்கள். தனியாரிடம் கேட்டால் பல இலட்சம். என் உடம்பில் இரண்டு உலோகம். ஒன்று கேட்காமலே வந்தது, மற்றது கேட்டும் எட்டு மாதம் வரவில்லை.

அந்த எட்டு மாதத்தில்தான் ஒழுங்காக வாழப் பழகினேன். அஸ்பிரின் ஒருநாளும் தவறவில்லை. பஸ்ஸில் நடைபாதைப் பக்க இருக்கை மட்டும். இருந்த இடத்திலேயே குதிக்காலை ஊன்றி விரலைத் தூக்குவதும், விரலை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குவதுமாக, தையல் மெஷின் மிதிப்பது போல ஒரு பழக்கம். எனக்கு அது இயல்பாகவே வந்தது. பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடந்தேன். தண்ணீர் குடித்தேன், கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லிச் சாரதியிடம் வெட்கமில்லாமல் கேட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை; இத்தனை ஆண்டாகக் கேட்காமல் இருந்ததுதான் மடைத்தனம். விறகு தூக்குவது மகளின் வேலையானது. மலச்சிக்கல் வராமல் கீரையும் பப்பாசியும் சாப்பிட்டேன், முக்கக் கூடாது என்ற பயம்.

கைக்குப் பயிற்சியாக உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பயறு பொறுக்கச் சொன்னார். நான் பொத்தான் டப்பாவைக் கொட்டி, கண்ணை மூடி, தடவித் தடவி அளவு பிரித்தேன். ஊசியில் நூல் கோர்க்க நாற்பது நாள் ஆனது. பேச்சில் இன்னமும் களைத்த நேரத்தில் "நூல்" என்பதற்கு "நெல்" வரும். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்கிறது.

2023 மார்ச்சில் கொழும்பில் அடைத்தார்கள். போகுமுன் மூன்று காரியம் செய்தேன், மூன்றும் உதவின. ஒன்று, கேள்விகளை எழுதி எடுத்துப்போனேன். இரண்டு, சம்மதப் படிவத்தை எனக்குத் தெரிந்த மொழியில் விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். முகம் சுளித்தார்கள், பிறகு தமிழ் தெரிந்த ஒரு பயிற்சி வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது, கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் என்பதைச் சொன்னேன். அற்ப விஷயம் என்று நினைத்துச் சொல்லாமல் விட இருந்தேன். அந்தச் சாதனம் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பியால் நெய்தது, ஆகவே நிக்கல் ஒவ்வாமை கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயமாம். தோலில் அரிப்பு வருகிறவர்களுக்கும் உள்ளே பிரச்சினை வருவது மிக அரிது என்று விளக்கி, குறிப்பில் எழுதிவிட்டுத் தொடர்ந்தார்கள்.

நெஞ்சைத் திறப்பதில்லை. வலது தொடை மடிப்பில் உள்ள நாளத்தில் ஊசித் துளை. அதன் வழியாக மெல்லிய குழாய் இதயம்வரை போகிறது. குழாய்க்குள் சுருட்டி வைத்த சாதனம் இடது பக்கம் போய் ஒரு தட்டாக விரிகிறது, இழுத்துச் சுவரோடு அணைத்து, வலது பக்கத்தில் இன்னொரு தட்டை விரிக்கிறார்கள். நடுவில் ஒரு கழுத்து. சட்டைக் கைமடிப்புக்குப் போடும் இரட்டைப் பொத்தானை நினைத்தால் சரி. சில மாதத்தில் அதன்மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்து மூடிவிடும். நான் அரை மயக்கத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. கடினமானது பின்னே வந்த ஐந்து மணித்தியாலம்: காலை மடக்காமல், தலையைத் தூக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். துளையில் இரத்தம் கசியாமல் இருக்க. மறுநாள் எக்கோ எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாம் கிழமை நெஞ்சு குதிக்கத் தொடங்கியது. இரவில் கூடுதலாக. ஊரில் சொன்னால் மறுபடி "யோசனை" என்பார்கள், ஆகவே ஊரில் சொல்லாமல் நேரே வைத்தியசாலைக்குப் போனேன். ஈ.சி.ஜி., பிறகு அந்தப் பெட்டி ஒருநாள். மேலதிகத் துடிப்புகள் மட்டும்தான், ஒழுங்கு தவறவில்லை. இரண்டு மாதத்தில் அடங்கியது. அப்படிக் குதித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் காட்ட வேண்டும், ஏனென்றால் ஒழுங்கு தவறிய துடிப்பே இன்னொரு பாரிசவாதத்துக்குக் காரணமாகலாம்.

அஸ்பிரினும், அதைப் போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெலும் ஆறு மாதம் சேர்ந்து போட்டேன். இரண்டும் சேர்ந்தபோது மாதவிடாய் வெள்ளமாகப் போனது. ஆண் வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மாதம் மறைத்தேன், படியேற மூச்சு வாங்கிய பிறகு சொன்னேன். இரத்தம் குறைந்திருந்தது, இரும்புச் சத்துக் குளிசை தந்தார்கள். தாங்களாகவே குளிசையை நிறுத்திவிட்ட பெண்களும் இருக்கிறார்களாம், அது பேராபத்து. கடையில் வாங்கும் நோவுக் குளிசைகளையும் கேட்காமல் போடக் கூடாது, இரைப்பையில் இரத்தம் கசியலாம். பல் பிடுங்கப் போனாலும் முதலில் கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் அதற்கு முன் கிருமிக்கொல்லி மருந்து எடுக்கச் சொன்னார்கள்.

ஆறாம் மாதம் குமிழிச் சோதனையில் நாலைந்து குமிழி பாய்ந்தது. எனக்கு அழுகை வந்தது. இன்னும் மூடிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள் என்றார். ஒரு ஆண்டில் ஒன்றும் இல்லை. அதற்காகக் குளிசை நிற்கவில்லை, அஸ்பிரின் தொடர்கிறது. வேறு காரணத்தால் பாரிசவாதம் வராது என்று அந்தப் பொத்தான் எனக்கு எந்த உறுதியும் தரவில்லை. பிறஷரும் சீனியும் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஊரில் இப்போது எல்லோருக்கும் தங்கள் இதயத்தில் துவாரம் இருக்கிறதா என்று அறிய ஆசை. மகளுக்கும் பார்த்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றார் வைத்தியர். பாரிசவாதம் வராதவர்களிடம் தேடிப் பிடித்து அடைப்பதால் பயன் இல்லை; நாலில் ஒருவரைப் பயமுறுத்தி வைப்பதுதான் மிச்சம். மாமி கேட்கவில்லை. யாழ்ப்பாணம் போய்த் தனியாரிடம் எக்கோ எடுத்துக்கொண்டு வந்து, "எனக்கு ஓட்டை இல்லை" என்று வேலிக்கு மேலால் சொன்னார். சாதாரண எக்கோவில் எனக்கும்தான் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார்.

மூன்றாவது ஆண்டு நடக்கிறது. மகளுக்குப் பதினேழு வயது, விறகு இன்னும் அவள்தான் தூக்குகிறாள், முறுமுறுத்துக்கொண்டு. கிளினிக்குக்கு இரவு பஸ்ஸில் போகும்போது முறிகண்டியில் நிறுத்துவார்கள். மற்றவர்கள் தேங்காய் உடைக்கப் போவார்கள், நான் நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி ஐந்தாறு தடவை நடப்பேன். நடத்துனர் முதல் இரண்டு தடவை சந்தேகமாகப் பார்த்தார். இப்போது நான் ஏறும்வரை மணி அடிப்பதில்லை.

அடுத்த கிளினிக் தை பிறந்து ஒரு கிழமையில். அதற்கு முன் பொங்கலுக்குப் பதினேழு சட்டை கொடுக்க வேண்டும், கொலர் வைத்த நாலு இன்னும் வெட்டவே இல்லை.